கெர்னலிடம் மெமரி கேட்டது யார்?

தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது, அரக்கோணம்–சென்னை ரயில் பாதையில் திருவள்ளூரை ஒட்டியிருக்கும் காக்களூரில். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது அது. டெபியனை அடிப்படையாகக் கொண்டது. மடிக்கணினியின் ரேம் 2 ஜிபிதான். அப்படி ஒன்று அரக்கோணத்து வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், 'இந்த மெமரியெல்லாம் எங்கேதான் போகுது?' என்ற கேள்வி வராமல் இருக்காது.

'டாப்' கட்டளை ஒவ்வொரு புரோகிராமும் பிடித்திருக்கும் மெமரியைக் காட்டும். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் தன் வேலைக்காக எடுத்துக்கொள்வது அந்தப் பட்டியலில் வராது. 'ஸ்லாப்டாப்' போட்டால் கெர்னலுக்குள் எந்த வகைத் துண்டுகள் பெருகியிருக்கின்றன என்று தெரியும். ஆனால் கேட்டு வாங்கியது யார் என்பது அதிலும் தெரியாது. அதைச் சொல்வது 'பெர்ஃப் கேமெம்'. 2010இல் வந்த லினக்ஸ் 2.6.33 முதல் இருக்கிறது. டெபியன் குடும்பத்தில் பெர்ஃப் கருவியைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும்.

ரூட் அனுமதியோடு டெர்மினலில் 'பெர்ஃப் கேமெம் ரெக்கார்ட் ஸ்லீப் 5' என்று கொடுத்தால், அந்த 5 விநாடிக்குள் கெர்னலில் இந்தத் துண்டுகளில் நடந்த மெமரி கொடுக்கல் வாங்கல்கள் பதிவாகும். 5 போதும். ஆர்வத்தில் 500 போட்டால் பதிவுக் கோப்பு கண்டபடி வீங்கிவிடும், மெஷினும் திணறும். பிறகு 'பெர்ஃப் கேமெம் ஸ்டாட்' கட்டளையை 'காலர்' என்ற தெரிவோடு ஓட்டினால், மெமரி கேட்ட கெர்னல் ஃபங்ஷன்கள் வரிசையாக வரும்.

இதில் பார்க்கவேண்டியது கேட்ட அளவும் கொடுத்த அளவும். கெர்னல் பெரும்பாலும் ரெடிமேட் சட்டை மாதிரி குறிப்பிட்ட சைஸ்களில்தான் மெமரி தரும்: 64, 96, 128, 192, 256 பைட் என்று. ஒரு டிரைவர் 130 பைட் கேட்டால் 192 கிடைக்கும். 62 பைட் வீண். ஒருமுறை என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். அதே டிரைவர் இப்படி லட்சம் துண்டுகளை வாங்கி வைத்துக்கொண்டால் வீணாவது மட்டும் சுமார் 6 எம்பி. 'ஃப்ராக்' என்ற பத்தி இந்த வீணைத்தான் சதவீதத்தில் சொல்கிறது. 'பிங்-பாங்' பத்தி, ஒரு சிபியுவில் வாங்கி இன்னொன்றில் விடுவித்த எண்ணிக்கை. வீட்டு மடிக்கணினிக்கு அது பெரிய விஷயமில்லை.

பட்டியலில் முதலில் நிற்கும் ஃபங்ஷன்மீது உடனே பழி போடவேண்டாம். நிறைய வாங்கி, உடனுக்குடன் திருப்பிக் கொடுப்பதாகவும் இருக்கலாம். வாங்கியதைத் திருப்பாதது எது என்று பிடிக்க, பிசிசி தொகுப்பிலுள்ள 'மெம்லீக்' கருவி சரிப்படும். அதற்குக் கொஞ்சம் புதிய கெர்னல் வேண்டும்.