கந்தை தைத்தல்: உப்பளக் கரைக்கேற்ற ஓர் உபதொழில்

விழுப்புரம் மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிப் பரந்து கிடக்கும் மரக்காணம் உப்பளங்கள் 3,000 ஏக்கருக்கு மேற்பட்டவை. தை, மாசி மாதங்களில் பாத்திகளைத் திருத்தி மிதித்து நீரேற்றி, வெயில் முதிர முதிர உப்பு வாரி அம்பாரமிடுவார்கள். ஐப்பசியில் மழை இறங்கியதும் வேலை நின்றுவிடும். மார்கழி கழியும் வரையில் பாத்தியிலும் கூலியில்லை. தாழ்ந்த வயல்களில் நீர் நிற்பதால் நிலத்திலும் வேலை சொற்பமே. 2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி புதுச்சேரியருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலில் இவ்வளங்கள் முழுகியபோது அம்முடக்கம் இன்னும் நீண்டது. மழை மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ரூ. 5,000 அளிக்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2022-ல் தொடங்கியது. அது பெரிய ஆறுதல்தான். ஆயினும் மூன்று மாதம் மூன்று மாதமே.

அம்மாதங்களில் கையும் வீடும் வாளா இராதபடி செய்யத்தக்க வேலைகளுள் கந்தை தைத்தல் ஒன்று. பழம் புடவை, வேஷ்டிகளை அடுக்கி மேலே நெருங்கத் தைத்துப் பிள்ளைகளுக்குப் படுக்கையும் போர்வையும் ஆக்குவது நம் கிராமங்களுக்குப் புதிதன்று. கந்தை என்னும் சொல்லை நாம் ஏழ்மையின் அடையாளமாக்கிவிட்டோம். வங்காளத்திலோ அச்சொல்லே 'காந்தா' என வழங்கி, ஒரு பெருங்கலைக்குப் பெயராய் நிற்கிறது. அங்குள்ள ஸ்திரீகள் பழம் புடவையின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி, அதே புடவையின் மேல் பூவும் மீனும் தைத்தார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனத்துப் பெண்கள் தங்கள் போர்வையின் நான்கு மூலைகளிலும் 'பூல்' எனப்படும் சிறு துணி மடிப்பைத் தைத்த பின்னரே அது முடிந்ததென்பர். மூலை வெறுமையாயிருப்பது அவர்களுக்குப் பொறாது.

இவற்றால் நமக்கென்ன எனக் கேட்போருக்கு அமெரிக்காவின் அலபாமா மாகாணத்திலுள்ள ஜீஸ் பெண்ட் என்னும் ஊரின் வரலாறு தக்க விடையாகும். ஆற்று வளைவொன்றில் அமைந்த அவ்வூர் முன்னொரு காலத்தில் பருத்திப் பண்ணை. அதில் அடிமைகளாய் உழைத்த கறுப்பரின் சந்ததியாரே பின்பு அங்கே குத்தகைக் குடிகளாயினர். கடன் கொடுத்துவந்த வியாபாரி இறந்தபின், 1932-ல் அவர் குடும்பத்தார் கடனுக்கீடாகக் குடிகளின் மாடு, ஏர், விதை, தானியம் யாவற்றையும் வாரிக்கொண்டு போயினர். பலகை வீடுகளின் இடுக்கில் குளிர்காற்று புகும். உழவுக்கு உடுத்திக் கிழிந்த கால்சட்டைகளையும் மாவுச் சாக்குகளையும் வெட்டித் தைத்த போர்வைகளே அக்குளிருக்குக் காப்பாயின.

அவ்வூரைச் சேர்ந்த மிசௌரி பெட்வே என்னும் குடியானவப் பெண் 1942-ல் கணவனை இழந்தாள். அவன் வயலில் உடுத்திய உடைகளை எறியாமல் பிரித்தெடுத்து, வெளுத்த முழங்காற் பகுதியும் வெளுக்காத சட்டைப்பைப் பகுதியும் தெரியவே ஒரு போர்வை தைத்தாள். அவனை நினைவிலிருத்தவும், அவன் அன்பின் கீழ் உறங்கவும் தாய் அதனைச் செய்தாளென்று, உடனிருந்து உதவிய மகள் ஆர்லோன்சியா பிற்காலத்தில் எடுத்துரைத்தாள். அறுபது வருஷத்திற்குப் பின், 2002-ல், அவ்வூர்ப் போர்வைகள் ஹூஸ்டன், நியூயார்க் நகரங்களின் கலைக்கூடங்களில் சுவரில் தொங்கின. 2006-ல் அமெரிக்கத் தபால் இலாகா அவற்றுட் பத்தின் உருவை முத்திரைத் தலைகளில் அச்சிட்டது. சுவரில் தொங்கிய போர்வைகளுள் பெரும்பாலானவை பிள்ளைகள் உறங்கித் துவைத்துத் தேய்ந்தவையே என்பதை மறத்தலாகாது.

இதனினும் நம் கிராம அலுவலர் கவனிக்கவேண்டியது வேறொன்றுண்டு. அப்பகுதிப் பெண்கள் 1966-லேயே கூட்டுறவு முறையில் ஒரு சங்கம் அமைத்துப் போர்வை தைத்து விற்றனர். அது பலருக்குச் சொந்தக் கூலியைக் காட்டிய முதலிடம். ஆனால் போர்வைகள் புகழ் பெற்றபின், விற்பனையிலும் உருக்களின் உரிமையிலும் தங்களுக்குரிய பங்கு வரவில்லையென்று சிலர் 2007-ல் நீதிமன்றம் ஏறினர். 2008-ல் வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. கைவேலை செய்வோர் முதல் உருப்படியை விற்குமுன்பே நிபந்தனைகளைக் காகிதத்தில் எழுதிக்கொள்வது எவ்வளவு அவசியமென்பதற்கு வேறு சான்று வேண்டா.

அமெரிக்கா மட்டும் போக வேண்டியதில்லை. மரக்காணத்திற்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரிலுள்ள ஆரோவிலில், பீஹாரிற் பிறந்து தில்லியில் ஆடைக்கலை பயின்ற உமா பிரஜாபதி 1997-ல் 'உபாசனா' என்னும் ஆடைக்கூடத்தைத் தொடங்கினார். 2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது, மீனவக் குடும்பங்கள் படகும் வலையும் ஆளும் இழந்து, கடலைப் பார்க்கவே அஞ்சிக் கிடந்தன. தையற்கூடத்தில் வெட்டிக் கழித்த துணித் துண்டுகளைக் கொண்டு சிறு பொம்மை தைக்க அக்குடும்பப் பெண்களுக்கு 2005-ல் கற்பித்தார்கள். விரற் பருமனேயுள்ள அப்பொம்மைக்கு 'சுனாமிகா' என்று பெயர். வட்டமாய் உட்கார்ந்து ஊசி பிடித்த பெண்கள் மெல்ல மெல்ல நடந்ததைப் பேசலாயினர். மனத்துயரைத் தணிப்பதே முதல் நோக்கம். கூலி அதனோடு சேர்ந்து வந்தது. பல நூறு பெண்கள் இவ்வேலையைக் கற்றனர். பொம்மைகள் இலட்சக்கணக்கில் பல தேசங்களுக்குச் சென்றன.

சுனாமிகாவை விலைக்கு விற்பதில்லை. அன்பளிப்பாகவே தந்து, பெறுவோர் மனமுவந்து தரும் நன்கொடையால் வேலையை நடத்தினர். அரிய ஏற்பாடு இது. ஆயினும் எல்லா ஊரும் இதனைப் பின்பற்ற இயலாது. நன்கொடை வரும் வழி தெரிந்த ஒரு நிறுவனம் பின்னணியில் இருந்தாலன்றி, கைவேலைக்கு விலை வைத்தே தீரவேண்டும். மரக்காணக் கரைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது அதன் மூலப்பொருள்: பிறர் எறிந்த துண்டுத் துணி. தையற்கடையுள்ள எந்த ஊரிலும் அது மூட்டை மூட்டையாய்க் கிடைக்கும்.

உப்பளக் கரையில் கந்தை தைப்போர் ஒரு விஷயத்தில் மிக்க ஜாக்கிரதையாய் இருத்தல் வேண்டும். பாத்தியில் உழைத்தோரின் துணியில் உப்பு ஊறியிருக்கும். உப்பு, அதிலும் உப்பு வாரியபின் நிற்கும் கைப்பு நீரின் உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையது. அத்துணியை அப்படியே தைத்தால் மழைக்காலத்தில் போர்வை எப்போதும் பிசுபிசுத்து, பூஞ்சணம் பற்றி, நூல் இற்றுப்போகும். ஆகையால் நல்ல தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்து அலசி, மறுநாள் வேறு தண்ணீரில் இன்னொரு முறை அலசி, வெயிலில் சுருசுருவென உலர்த்திய பின்னரே கத்தரிக்கவேண்டும். புரட்டாசியிலேயே இதை முடித்துக்கொள்வது உத்தமம். மழை பிடித்தபின் துணி உலராது. சாயம் போகும் துணியைத் தனியே ஒதுக்கிவிடுக.

அடுக்கு நான்கு முதல் ஆறு போதும். மிகக் கிழிந்ததை நடுவிலும் உறுதியானதை மேலும் கீழும் வைத்து, சுற்றிலும் பெருந்தையல் போட்டுப் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி விரற்கடை இடைவெளியில் ஓட்டுத் தையல் செய்தால் சுருக்கம் விழாது. உள்ளே பஞ்சு வைப்பவர்கள் நெருங்கத் தைக்காவிடில் துவைக்கும்போது பஞ்சு ஒரு மூலையில் திரண்டுவிடும். இதற்குப் பருத்திப் பஞ்சே ஏற்றது. இலவம்பஞ்சு வழுவழுப்பாகையால் நூற்கவும் வாராது, தையலிலும் நில்லாது. தலையணைக்கும் மெத்தைக்குமே உரியது. அவ்வகையில் அதற்கு இணையில்லை. நீரை எளிதில் ஏற்காததால் முன்னாளில் கப்பல்களின் உயிர்காக்கும் மிதவைகளை அதனால் அடைத்தார்கள். தலையணை தைத்து விற்க விரும்பும் பெண்களுக்குப் பஞ்சு ஊரிலேயே கிடைத்தால் பெரும் சகாயம்.

இலவு உவர் மண்ணில் வாராது. உப்பளத்தை விட்டு மேற்கே, திண்டிவனம் பக்கத்துச் செம்மண் புன்செய்களில் வரப்போரமாய் நடலாம். வித்தாலும் போத்தாலும் பயிராகும். நான்கைந்து வருஷத்தில் காய்ப்பு தொடங்கும். மாசி, பங்குனி தொடங்கிக் காய் முற்றிப் பழுப்பாகும்போது, வெடிக்குமுன் பறித்துவிடவேண்டும். வெடித்தால் பஞ்சு காற்றோடு போகும். மரம் மெத்தென்றதாகையால் புயலில் கிளை முறியும். வீட்டுக்கும் கிணற்றுக்கும் அருகில் நடுவது கூடாது. பஞ்சு எளிதில் தீப்பற்றுமாகையால் அடுப்பிருக்கும் அறையில் சேமிக்கலாகாது.

நிலமுடையோர் செய்யக்கூடிய மற்றோர் உதவி இடம். உப்பளத் தொழிலாளர் குடிசைகளில் மழைக்காலத்தில் ஆறு முழப் போர்வையை விரித்துப் போடவும் இடமிராது, வெளிச்சமும் போதாது. அறுவடைக்கு முன் காலியாயிருக்கும் களஞ்சியத் தாழ்வாரத்தைப் பகலில் சில மணி நேரம் பெண்களுக்கு விட்டால் நான்கு பேர் ஒரு போர்வையைச் சுற்றி உட்கார்ந்து ஒருங்கே தைக்கலாம். ஊரிலுள்ள மகளிர் சுய உதவிக் குழுவின் பெயரிலேயே தையற்கடைக்காரரிடம் துண்டுத் துணியைப் பேசி வாங்கலாம். யார் எத்தனை நாள் தைத்தார், நூலுக்கும் துணிக்கும் எவ்வளவு செலவாயிற்று, விற்ற விலை என்ன என்பவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் அன்றன்றே எழுதி, பொங்கலுக்கு முன் கணக்கைப் பைசல் செய்துவிடவேண்டும். தை பிறந்தால் பாத்தி மிதிக்க அழைப்பு வந்துவிடும். அதன்பின் எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டுவது எளிதன்று.