ஆலங்கட்டியும் மோட்டார் வண்டியும்

1984-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 12-ஆம் நாள் மாலை, ஜெர்மனியிலுள்ள மியூனிக் நகரில் ஆலங்கட்டி மழை பொழிந்தது. சில கட்டிகளின் விட்டம் 9 சென்டிமீட்டரையும் கடந்திருந்தது. ஏறத்தாழ 2,00,000 மோட்டார் வண்டிகள் சேதமுற்றன. மக்களுள் சுமார் 400 பேர் காயமுற்றனர். இத்தகைய மழையில் ஒடுங்கிய வண்டியை என் செய்வது என்பதே இன்று நான் கூற எடுத்துக்கொண்ட பொருள்.

சிறு கட்டிகள் தகட்டில் பட்டுத் தெறிக்கின்றன. பெரியவை பள்ளம் பறிக்கின்றன. காரணம் யாது? கட்டியின் விட்டம் 2 மடங்கானால் அதன் எடை 8 மடங்காகிறது. விழும் வேகமும் மிகுவதால், தாக்கும் ஆற்றல் ஏறத்தாழ 16 மடங்காகிறது. எஃகுத் தகடு ஓர் எல்லைவரை வளைந்து மீளும். அவ்வெல்லை கடந்தால் மீளாது. அதுவே ஒடுக்கு.

முதற்கண், மழை ஓயும்வரை வண்டியைக் காக்க வெளியே ஓடாதீர்கள். தகட்டைத் திருத்தலாம், தலையைத் திருத்துதல் எளிதன்று. மழை நின்றபின் உடைந்த கண்ணாடியை மூடி, உள்ளே நீர் புகாமற் செய்க. எதையும் திருத்துமுன் பழுதுகளைப் படமெடுத்து, இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு அறிவிக்க. பிறருக்கு நேரும் தீங்குக்கு மட்டும் செய்த இன்ஷூரன்ஸ், நம் வண்டியின் ஒடுக்குக்கு ஈடு தாராது என்பதை நினைவிற் கொள்க.

அடுத்து, சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வோர் ஒடுக்கையும் நோக்குக. வண்ணப்பூச்சு வெடித்திருக்கிறதா என்பதே இங்கு முதன்மையான வினா. வெடித்திருந்தால் அவ்வழியே ஈரம் புகுந்து துருவேறும். ஆதலின் அதனை விரைவில் சுரண்டி, பட்டி பூசி, மீண்டும் வண்ணமடித்தல் வேண்டும். வெடிக்கவில்லையெனில் வண்ணத்தைத் தொடவே வேண்டுவதில்லை. தேர்ந்த தொழிலாளர் மெல்லிய எஃகுக் கோல்களைத் தகட்டின் பின்புறம் செலுத்தி, பளபளப்பில் தோன்றும் ஒளிக்கோடுகள் நேராகும்வரை சிறிது சிறிதாக அழுத்தி உயர்த்துவர். பித்தளைக் குடத்தின் ஒடுக்கை உள்ளிருந்து தட்டி எடுப்பதைக் கண்டவர்களுக்கு இம்முறை புதிதன்று. கோல் எட்டாத இடத்தில், வெளியே பசையால் ஒட்டிய பிடிகளைக் கொண்டு இழுப்பர்.

சம்மட்டியால் அடிப்போர் உண்டு. அடிபட்ட தகடு மெலிந்து விரிகிறது. விரிந்த தகடு பழைய வடிவில் அடங்காது. வெப்பமூட்டிப் பனிக்கட்டி வைத்தால் ஒடுக்கு மறையும் என்பாரும் உளர். அதனை நம்பி வண்ணத்தைக் கெடுத்துக்கொள்ளல் வேண்டா.

ஆலங்கட்டி செய்த பழுது பெரும்பாலும் திருத்தத்தக்கதே. அவசரக் கை செய்யும் பழுதே திருத்தற்கு அரிதாகிவிடுகிறது.