காப்பித்தண்ணி நிறத்தில் மாட்டு மூத்திரம்... சத்து ஊசி போட்டால் சரியாகிவிடுமா?

காலையில் தொழுவத்துக்குப் போனால் தரையில் காப்பித்தண்ணி மாதிரி மூத்திரம். மாடு தீவனத்தைத் தொடவில்லை. நேற்று கறந்த பாலில் பாதிகூட இன்று இல்லை. தேனி, சின்னமனூர், கம்பம் பக்கம் கலப்பின மாடு வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இந்தக் காட்சி தெரியும். பக்கத்து வீட்டு யோசனையும் ரெடியாக இருக்கும்: "ரத்தம் இல்லப்பா, ஒரு சத்து ஊசி போட்டு விடு."

சிக்கல் அங்கேதான். ரத்தசோகை தனி நோய் இல்லை, அறிகுறி. சிவப்பணுக்கள் கசிந்தோ, புழு உறிஞ்சியோ வெளியே போகலாம். உடம்புக்குள்ளேயே உடையலாம். எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியே படுத்துவிடலாம். காப்பி நிற மூத்திரம் என்றால் பெரும்பாலும் இரண்டாவது ரகம்: உடைந்த அணுக்களின் ஹீமோகுளோபின் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. இரும்புச்சத்து ஊசி இந்த உடைப்பை நிறுத்தாது. அதற்குள் இரண்டு, மூன்று நாள் போய்விடும்.

உண்ணி செய்யும் வேலை

உடைப்பவர் பெரும்பாலும் பபேசியா என்ற ஒட்டுண்ணி. மாட்டின் மேல் ஒட்டியிருக்கும் உண்ணி வழியாக ரத்தத்துக்குள் நுழைந்து, சிவப்பணுவுக்குள் பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியேறும். உண்ணிதான் இதைப் பரப்புகிறது என்று 1893-ல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் ஃபிரெட் கில்போர்னும் நிரூபித்தார்கள். மலேரியாவில் கொசுவின் பங்கை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-ல். அதாவது, மாடு முந்திக்கொண்டது!

உண்ணி பரப்புவது இது ஒன்றைத்தானா? இல்லை. தைலீரியா வந்தால் காய்ச்சலோடு தோளுக்கு முன்னால் நெறி கட்டும். அனாபிளாஸ்மா வந்தால் கண் மஞ்சளாகும், மூத்திரம் சிவக்காது. மூன்றிலும் ரத்தம் குறையும், மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. கன்று ஈன்ற சில வாரங்களில் பாஸ்பரஸ் குறைந்தாலும், ஒரு உண்ணிகூட இல்லாமல், அதே காப்பி நிறம் வரும். நாட்டு மாடுகள் உண்ணியை ஓரளவு தாங்கும். ஜெர்சி கலப்பினம் சீக்கிரம் படுத்துவிடும்.

வித்தியாசம் காட்டுவது ஒரு கண்ணாடித் துண்டு. காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மெலிதாக இழுத்து, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், பபேசியா ஜோடி ஜோடியாகப் பேரிக்காய் வடிவில் தெரியும். அனாபிளாஸ்மா அணுவின் ஓரத்தில் கரும்புள்ளியாக நிற்கும். ஆனால் மருந்து போட்ட பிறகு எடுத்தால் கிருமி கண்ணில் படாமலே போகலாம். அதனால் முதலில் ஸ்லைடு, அப்புறம் ஊசி. மாடு எழவே முடியாத நிலை என்றால் ரத்தமும் ஏற்றலாம். மாட்டுக்கு 11 ரத்த வகைத் தொகுதிகள் இருந்தாலும், முதல் முறை ஏற்றும்போது பொதுவாகப் பெரிய எதிர்வினை வருவதில்லை.

ஆட்டுக்குக் கண் இமை

ஆட்டில் கதை வேறு. அங்கே வில்லன் வயிற்றில் இருக்கும் ஹீமான்கஸ் புழு. ஒரு புழு நாளைக்குக் குடிப்பது சுமார் 0.05 மில்லி ரத்தம். ஆயிரக்கணக்கில் இருந்தால் கணக்கு நீங்களே போடுங்கள். மழைக்குப் பிறகு மேய்ச்சலில் இது கூடும். தாடைக்குக் கீழே நீர்கோத்து வீங்கினால் ரொம்ப முற்றிவிட்டது என்று அர்த்தம்.

இதற்குத் தென்னாப்பிரிக்காவில் ஒரு எளிய அட்டையை உருவாக்கினார்கள், பெயர் ஃபமாச்சா. ஆட்டின் கீழ் இமையை இறக்கி, உள்பக்க நிறத்தை அட்டையில் உள்ள 5 நிறங்களோடு ஒப்பிட வேண்டும். 1 நல்ல சிவப்பு, 5 வெள்ளை. 5-ல் இருக்கும் ஆட்டின் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 12 சதவீதமோ அதற்கும் கீழோதான். 4, 5 வந்த ஆட்டுக்கு உடனே மருந்து. மந்தை மொத்தத்துக்கும் அடிக்கடி கொடுத்தால் புழு அந்த மருந்துக்குப் பழகிவிடும்.

திராட்சைத் தோட்டமும் செம்மறியும்

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரியும். அந்தக் கொடிகளில் பூஞ்சைக்கு அடிக்கும் போர்டோ கலவையில் இருப்பது மயில்துத்தம், அதாவது தாமிரம். மருந்தடித்த தோட்டத்துப் புல்லையோ கவாத்து செய்த இலையையோ செம்மறிக்குத் தொடர்ந்து போட்டால் தாமிரம் ஈரலில் சேர்ந்துகொண்டே இருக்கும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒன்றுமே தெரியாது. ஒரு நாள் வண்டியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோன அலைச்சல் போதும், சேர்ந்தது மொத்தமாக ரத்தத்தில் இறங்கி சிவப்பணுக்களை உடைக்கும். கண் மஞ்சள், மூத்திரம் கறுப்பு, ஓரிரு நாளில் ஆடு போய்விடும். வெள்ளாடும் மாடும் செம்மறியைவிட இதைத் தாங்கும். கொடி இலை வாங்குபவர்கள் 'எப்போ மருந்தடிச்சீங்க?' என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

'எங்க வீட்ல மாடே இல்லையே' என்பவர்களுக்கும் ஒரு விஷயம். நேற்று மிஞ்சிய சின்ன வெங்காயச் சாம்பாரை நாய்க்கு ஊற்றுவோம் இல்லையா? வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுவைச் சிதைக்கும். அளவு கூடினால் அதே காப்பி நிற மூத்திரம்தான். பூனைக்குப் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. ஈறு எந்த நிறத்தில் இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள், வெளுத்தால் வித்தியாசம் தெரியும். கறுப்பு ஈறு நாய் என்றால் கண் இமையைப் பாருங்கள்.

மாடு, ஆட்டுக்கு அவசரம் என்றால் 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். தேனியிலேயே 2020 முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. போகும்போது மாட்டின் மூத்திரத்தை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்துக்கொண்டு போங்கள்.