ஒப்புக்கொண்ட பிறகு அப்பீல் உண்டா?

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் நின்றவன் நான். "ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு போய்விடும், இன்றே வீட்டுக்குப் போகலாம்" என்று வழக்கறிஞர் சொன்னதை நம்பித் தலையாட்டிய பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வேலை தேடும்போதுதான் குற்றப் பதிவு குறுக்கே வந்து நிற்கும். "ஐயா, அப்பீல் பண்ணலாமா?" என்று பெற்றோர் ஓடி வருவார்கள்.

மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 305ஆவது பிரிவு கறாரானது. மாஜிஸ்திரேட் முன் ஒப்புக்கொண்டவர், தண்டனை அதிகம் அல்லது சட்டப்படி செல்லாது என்று மட்டுமே மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் 14 நாள்தான்.

ஆனால் 323ஆவது பிரிவு இருக்கிறது. உயர் நீதிமன்றம் கீழ் நீதிமன்றப் பதிவை வரவழைத்துச் சீராய்வு செய்யலாம். ஒப்புக்கொள்வதன் விளைவு அவருக்குப் புரிந்ததா, நிபந்தனையின்றித்தான் ஒப்புக்கொண்டாரா என்று மாஜிஸ்திரேட் உறுதி செய்திருக்க வேண்டும். திருட்டு வழக்கில் ஒரு பையன், "நான்தான் எடுத்தேங்க, ஆனா முதலாளிதான் எடுத்துக்கச் சொன்னாரு" என்றான். அது எப்படி ஒப்புதலாகும்? பதிவில் அப்படி ஒரு வரி இருந்தால் அதுதான் பிடி. தண்டனை கூடிவிட்டதே என்ற வருத்தம் போதாது. வழக்கறிஞர் வற்புறுத்தினார் என்றால் அதைச் சத்தியப் பிரமாணத்தில் எழுதி, ஆதாரத்தோடு காட்ட வேண்டும். லேசான காரியமல்ல.

பெற்றோரிடம் நான் சொல்வது இதைத்தான்: முதலில் வழக்குக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கி, வேறொரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வசதி இல்லையென்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்குப் போங்கள், 14 நாள் முடிவதற்குள்.