டிவி மெக்கானிக்கைக் கூப்பிடும் முன்...



கிரைண்டர் நின்றால் பெல்ட்டைப் பார்க்கிறோம். குக்கரில் விசில் வராவிட்டால் கேஸ்கட்டைக் கழற்றி மாட்டுகிறோம். காஸ் அடுப்பு சரியாக எரியாவிட்டால் பர்னரைச் சுத்தம் செய்கிறோம். டிவி நின்றுவிட்டால் மட்டும், 'அவர் வரட்டும்', 'பையன் வரட்டும்' என்று உட்கார்ந்துவிடுகிறோம். "அதெல்லாம் பொம்பளைங்க தொடக்கூடாது, ஷாக் அடிக்கும்" என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்ததுதான் காரணம்.

1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. அப்புறம் வெகு காலத்துக்கு வீட்டு வைத்தியம் ஒன்றுதான். மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, ஜன்னல் பக்கம் ஒருவர் நின்று, "வந்துச்சா?" "இல்ல, இன்னும் கொஞ்சம் திருப்பு!" என்று கத்துவார்கள். இன்றைக்கு ஆன்டெனா போய் செட்டாப் பாக்ஸும் வைஃபையும் வந்துவிட்டன. கோளாறுகளும் மாறிவிட்டன. அவற்றில் பல, கையில் ஸ்குரூ டிரைவர் இல்லாமலே சரியாகிவிடும்.

எங்கள் தெருவில் தனியாக இருக்கும் பெரியம்மா ஒருவருக்கு எழுபது வயதுக்கு மேல். குடும்ப பென்ஷனில் காலம் தள்ளுகிறார். ஒருநாள் அவர் டிவியில் 'நோ சிக்னல்' என்று வந்தது. பழுது பார்க்க வந்தவர் டிவியைத் தூக்கிக்கொண்டு போய், நாலு நாள் கழித்துக் கொண்டுவந்து, "போர்டு போயிருச்சும்மா" என்று 2,400 ரூபாய் வாங்கிக்கொண்டார். பில் இல்லை; மாற்றிய போர்டையும் காட்டவில்லை. அடுத்த மாதமே மறுபடியும் 'நோ சிக்னல்'. இந்தத் தடவை நான் போய்ப் பார்த்தேன். ரிமோட்டில் சோர்ஸ் பட்டன் தெரியாமல் அழுந்தியிருந்தது. மாற்றிவிட்டதும் படம் வந்துவிட்டது. முதல் தடவை என்ன கோளாறு என்பது அவருக்கே வெளிச்சம். "பணம் போனாக்கூடப் பரவாயில்லம்மா, அந்த நாலு நாளும் வீட்ல பேச்சுக்குரலே இல்ல" என்றார் பெரியம்மா. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டிவிக்கு உயிரே இல்லையா?

சின்ன சிவப்பு விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரியவில்லை என்றால் அதே பிளக் பாயின்ட்டில் செல்போன் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். சார்ஜ் ஏறவில்லை என்றால் கோளாறு சுவிட்ச் போர்டில். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்டெபிலைசர் சுவிட்சுகளையும் பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் விளையாட்டாக அணைத்திருப்பார்கள்.

சிவப்பு விளக்கு எரிகிறது, ஆனால் ஆன் ஆகவில்லை என்றால் ரிமோட்டைச் சந்தேகப்படுங்கள். செல்போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முன்னால் உள்ள குட்டி பல்பை அதற்குக் காட்டி, பவர் பட்டனை அழுத்துங்கள். கேமராவில் பல்பு மின்னினால் ரிமோட் நன்றாக இருக்கிறது. மின்னாவிட்டால் முதலில் இரண்டு பேட்டரியையும் சேர்த்து மாற்றுங்கள். டிவியின் அடியிலோ பின்னாலோ ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தியும் ஆன் செய்து பார்க்கலாம்.

'நோ சிக்னல்' என்றால்...

பயப்படாதீர்கள். அந்த எழுத்து திரையில் தெரிகிறது என்றாலே டிவியின் திரை வேலை செய்கிறது. ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பட்டனை அழுத்தி எச்.டி.எம்.ஐ. 1, எச்.டி.எம்.ஐ. 2, ஏ.வி. என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் செட்டாப் பாக்ஸில் விளக்கு எரிகிறதா, பாக்ஸையும் டிவியையும் இணைக்கும் ஒயர் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒயரைக் கழற்றி மாட்டும்போது இரண்டின் பிளக்கையும் உருவிவிட வேண்டும்.

படம் கட்டம் கட்டமாக உடைகிறதா?

செட்டாப் பாக்ஸை சுவிட்ச் போர்டிலேயே அணைத்து, இரண்டு நிமிடம் கழித்துப் போடுங்கள். பாக்ஸின் பின்னால் திருகும் கேபிள் ஒயர் லூசாக இருந்தால் கையால் முறுக்கிவிடுங்கள். டி.டி.எச். வைத்திருப்பவர்களுக்கு அடைமழையில் படம் போவது சகஜம். வானத்திலிருந்து வரும் அலைகளை மழை உறிஞ்சிவிடுகிறது. மழை விட்டதும் தானே வந்துவிடும். அதற்காக ஈரமான மொட்டை மாடியில் ஏறாதீர்கள். சில சேனல் மட்டும் வரவில்லை என்றால், முதலில் ரீசார்ஜையும் பேக்கேஜையும் பாருங்கள். இன்னொன்று, டிஷ் கம்பத்தில் துணிக்கொடி கட்டவே கட்டாதீர்கள். ஈரத் துணியின் கனத்தில் டிஷ் துளி நகர்ந்தாலும் படம் போய்விடும்.

சத்தம் வருது, படம் வரலை!

அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்வாகப் பிடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால், திரைக்குப் பின்னாலுள்ள விளக்கு வரிசை போயிருக்கலாம். அதை மாற்ற முடியும். திரையே (பேனல்) போய்விட்டது என்றால், அதற்கு ஆகும் செலவு பல சமயம் புது டிவி விலையை நெருங்கிவிடும். அதனால் யாராவது 'பேனல் போச்சு' என்றால் உடனே தலையாட்டாதீர்கள். இந்தச் சோதனையைச் சொல்லிக் கேளுங்கள்.

திரையில் கோடு விழுந்தால் டிவியின் மெனுவைத் திறந்து பாருங்கள். மெனுவிலும் கோடு இருந்தால் டிவியில் கோளாறு. மெனு சுத்தமாகத் தெரிந்தால் ஒயரிலோ பாக்ஸிலோ இருக்கலாம்.

படம் இருக்கு, சத்தம் இல்லையா? 'மியூட்' ஆகியிருக்கும், அல்லது பாக்ஸ் ரிமோட்டில் சத்தம் குறைந்திருக்கும், இல்லையென்றால் பேரன் ப்ளூடூத் ஸ்பீக்கரை இணைத்துவிட்டுப் போயிருப்பான். "சீரியல்ல எல்லாரும் குண்டாயிட்டாங்களே!" என்று மாமியார் கேட்டால், படத்தின் அளவை மாற்றும் 'ஜூம்' அல்லது 'ஆஸ்பெக்ட்' அழுந்தியிருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்மார்ட் டிவியில் யூடியூப் சுற்றிக்கொண்டே இருந்தால், செல்போனில் அதே வைஃபை வருகிறதா என்று பாருங்கள். அதிலும் வராவிட்டால் வைஃபை பெட்டியை அணைத்துப் போடுங்கள். செல்போனில் வந்தால் டிவியின் பிளக்கை ஒரு நிமிடம் உருவிவிட்டு மறுபடி சொருகுங்கள். டிவியில் தேதி, நேரம் தப்பாக இருந்தாலும் சில சமயம் எதுவும் திறக்காது.

கை வைக்கவே கூடாத இடங்கள்

பின்பக்க மூடியை ஒருபோதும் கழற்றாதீர்கள். பிளக்கை உருவிய பின்னும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். பழைய பிக்சர் டியூப் டிவியில் அது ஆயிரக்கணக்கான வோல்ட். கருகல் வாடை, புகை வந்தால் மெயினை அணையுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். வீட்டு விளக்குகள் திடீரென்று அதிகப் பிரகாசமாக எரிந்தாலும் மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். மழை மேகம் கூடும்போதே பிளக்கையும் கேபிள் ஒயரையும் கழற்றிவிடுங்கள். இடி இடிக்கும்போது தொடாதீர்கள்.

திரையைத் துடைக்க அணைத்த பின் உலர்ந்த மெல்லிய துணி போதும். கண்ணாடி துடைக்கும் திரவம் வேண்டாம். தவழும் குழந்தை உள்ள வீட்டில் டிவியை மேஜையில் சும்மா நிறுத்தாதீர்கள். பிள்ளை பிடித்து எழுந்தால் டிவி அதன் மேலேயே சாயும். சுவரில் பொருத்துங்கள், அல்லது பட்டையால் கட்டுங்கள்.

மெக்கானிக் வந்தால்

எல்லாம் பார்த்தும் சரியாகவில்லையா? தாராளமாகக் கூப்பிடுங்கள், நல்ல தொழிலாளிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாரன்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வந்து பார்க்க எவ்வளவு என்று போனிலேயே கேளுங்கள். டிவியை எடுத்துப் போனால், பின்னால் உள்ள மாடல், சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து, ரசீது வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். 'எத்தனை மாத கேரன்டி?' என்பதைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அங்கே புகார் செய்ய இந்தப் பில்தான் கை கொடுக்கும்.

பெரியம்மா வீட்டு டிவிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். 'படம் வராவிட்டால்: 1. சோர்ஸ் பட்டன். 2. பாக்ஸை அணைத்து இரண்டு நிமிடம். 3. ரீசார்ஜ் தேதி. 4. என் போன் நம்பர்' என்று பெரிய எழுத்தில். மூன்று மாதமாகிறது. நாலாவது வரிக்கு இன்னும் வேலை வரவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இப்படி ஒன்று எழுதி ஒட்டிக் கொடுங்களேன்.

— வாசகி ஒருவர், விருதுநகர்.