தையல் பிரித்ததோடு சிகிச்சை முடியவில்லை

ஏழாம் நாள் வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறோம். பலர் வருவது இருபதாம் நாள், காய்ச்சலோடும் சீழோடும். கேட்டால், “ஆறிரும்னு இருந்தோம் டாக்டர்” என்கிறார்கள். எங்கள் கடற்கரையின் திரேஸ்புரம், தருவைகுளம், புன்னைக்காயல், உப்பளத் தெருக்கள் என்று எங்கிருந்து வந்தாலும் கதை ஒன்றுதான். அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்திருக்கும். வீட்டுக்குப் போன பிறகுதான் எல்லாம் கெட்டிருக்கும்.

வீட்டில் யார் செவிலியர்?

வார்டில் இருக்கும்வரை நாடி, காய்ச்சல், ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு, காயக் கட்டிலிருந்து கசிவு என எல்லாவற்றையும் செவிலியர் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்குப் போனதும் அந்த வேலையை ஒருவர் ஏற்க வேண்டும். பார்க்க வரும் பத்துப் பேரும் ஆளுக்கொரு முறை கட்டைத் தூக்கிப் பார்ப்பதற்குப் பெயர் கவனிப்பு அல்ல. பொறுப்பேற்கும் ஒருவர் மட்டும், சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு காயத்தைத் தொடட்டும். டிஸ்சார்ஜ் நாளில் செவிலியர் சொல்வதை அவர் முழுதாகக் கேட்டுக்கொள்ளட்டும். ஆட்டோ காத்திருக்கிறது என்று பாதியில் கிளம்பாதீர்கள்.

சிறுநீர்ப் பையோடு அனுப்பியிருந்தால், அந்தப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே தொங்க வேண்டும். புரண்டு படுக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். இல்லாவிட்டால் முதுகின் அடியிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும்.

மீன் சாப்பிட்டால் சீழ் பிடிக்குமா?

பிடிக்காது. பருப்பு, முட்டை, பால் எதனாலும் பிடிக்காது. சீழ் கிருமியால் வருவது. காயத்தை மூடும் புதுத் தசைக்குப் புரதம் வேண்டும். அதைத்தான் பத்தியம் என்ற பெயரில் நிறுத்திவிடுகிறோம். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு ஆக்கிப் போடும் கரை இது. அதே கரையில் சிசேரியன் ஆனவளுக்கு ரசச் சோறும் அப்பளமும் மட்டும் கொடுத்தால் தையல் எப்படி ஆறும்? சாளையும் நெத்திலியும் குழம்பாக்கிக் கொடுங்கள். கூடவே நெல்லிக்காய், கொய்யா, கீரை கொடுங்கள். குடல் அறுவை சிகிச்சை ஆனவர்களும் சிறுநீரக நோயாளிகளும் மட்டும் மருத்துவர் எழுதித் தந்தபடி சாப்பிட வேண்டும்.

தண்ணீர் குடித்தால் தையலில் நீர் கோத்துக்கொள்ளும் என்பதும் பொய். தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கல் வரும்; முக்கும்போது வயிற்றுத் தையல்தான் இழுபடும்.

காயத்தின் மேல் எதையும் பூசாதீர்கள்

மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், வேப்பெண்ணெய் என்று காயத்தின் மேல் இல்லாத பொருள் இல்லை. கேப்சூலைப் பிரித்துப் பொடியைத் தூவிக்கொண்டு வருபவர்களும் உண்டு. சமையலறை டப்பாவில் இருப்பது கிருமி நீக்கிய பொருள் அல்ல. மேலே அது காய்ந்து அப்பிக்கொள்ள, உள்ளே சீழ் வெளியேற வழியில்லாமல் ஆழமாக இறங்குகிறது. பிறகு நாங்கள் மறுபடி திறந்து, சுரண்டி, நாள்கணக்கில் கட்டுப் போட வேண்டியிருக்கிறது.

கடல் தண்ணீர் மருந்து அல்ல

உப்புத் தண்ணீர் பட்டால் புண் ஆறும் என்ற நம்பிக்கை இந்தக் கரையில் ஆழமாக ஊறியிருக்கிறது. வெதுவெதுப்பான கடல் நீரில் விப்ரியோ போன்ற கிருமிகள் இயல்பாகவே வாழ்கின்றன. ஆறாத காயம் வழியாக அவை உள்ளே போனால், சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ உள்ளவர்களின் உயிருக்கே ஆபத்து. பிழைத்து வந்ததற்காகத் திருச்செந்தூரில் கடலாட நேர்ந்திருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் காயம் முழுதும் ஆறி, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு செய்யுங்கள். முருகன் காத்திருப்பான். சாதாரணத் தையலுக்குப் பெரும்பாலும் இரண்டு நாள் கழித்து வீட்டிலேயே சுத்தமான தண்ணீரில் குளிக்கலாம். உங்களுக்கு எப்போது என்று செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அசையாமல் கிடக்காதீர்கள்

நடந்தால் தையல் பிரிந்துவிடும் என்று நோயாளியைக் கட்டிலோடு கட்டிப்போடுகிறார்கள். அசையாத காலில் ரத்தம் உறைகிறது. அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிரே போகலாம். சளி தேங்கி நிமோனியாவும் வரும். மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வையுங்கள். வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். மூச்சை ஆழமாக இழுத்துவிடச் சொல்லுங்கள்.

மெடிக்கல் ஷாப் மருத்துவமனை அல்ல

வலி கூடினால் காரணத்தைத் தேட வேண்டும். அதை விட்டுவிட்டுக் கடையில் கேட்டு வாங்கிய நாலு மாத்திரையை விழுங்குவது என்ன நியாயம்? வலி மாத்திரை அளவு மீறினால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். ஸ்டீராய்டு கலந்திருந்தால் காயம் ஆறுவதே தள்ளிப்போகும். ஆன்டிபயாட்டிக்கைப் பாதியில் நிறுத்தினாலும் ஆபத்து, பக்கத்து வீட்டுக்காரரின் மிச்சத்தை விழுங்கினாலும் ஆபத்து. சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் நீங்களாக நிறுத்தவே கூடாது. பீடி, சிகரெட், மது மூன்றும் காயத்துக்கு எதிரி.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் உடனே வாருங்கள்

மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடுவது, காய்ச்சல், குளிர் நடுக்கம், தையலைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம், நாற்றம், சீழ். வயிற்றுத் தையலிலிருந்து இளஞ்சிவப்பு நீர் திடீரெனக் கொட்டினால் உள்தையல் விட்டிருக்கலாம். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு ஓடி வாருங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி என்றால் 108-ஐ அழையுங்கள். அறுவை சிகிச்சைத் தொற்று 30 நாள் வரை வரலாம்; ஹெர்னியா வலையோ எலும்புக்குப் பிளேட்டோ வைத்திருந்தால் 90 நாள் வரைகூட வரலாம். ரத்தப் பரிசோதனை, சீழ் கல்ச்சர், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்போம்.

வேலைக்குப் போகும் முன்

மூன்று வாரத்தில் காயம் மேலே மூடியிருக்கும். ஆனால் பழைய தோலின் உறுதியில் மூன்றில் ஒரு பங்குகூட அப்போது வந்திருக்காது. மூன்று மாதத்தில்தான் ஏறத்தாழ 80 சதவீதம் வரும். அதற்குள் வலை இழுத்து, உப்பு மூட்டை சுமந்து, துறைமுகத்தில் பாரம் தூக்கி, குடலிறக்கத்தோடு திரும்பி வருகிறார்கள். காதில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் மருத்துவர் சொல்லாமல் சங்கு குளிக்க இறங்கவே கூடாது. வேலைக்குப் போக முடியாமல் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்றாடக் கூலி போய்விடும் என்றுதான் வராமல் இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு மாதக் கூலியை இழக்காதீர்கள். சீட்டில் எழுதிய தேதியில் வாருங்கள். சந்தேகம் வந்தால் அந்தத் தேதிக்கும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே வாருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன், சீழ் வைக்கும் முன்பே வந்து காட்டுங்கள்.