உஷார்! வீட்டில் சொல்லாதே என்கிற வேதபாட வகுப்பு

உங்கள் பிள்ளை சில மாதங்களாக ஆன்லைனில் வேதபாடம் படிக்கிறானா? வாரத்தில் மூன்று நான்கு நாள், கதவைச் சாத்திக்கொண்டு? எந்தச் சபை நடத்துகிறது என்று கேட்டால், "சபையெல்லாம் இல்லம்மா, சும்மா பைபிள்தான்" என்று நழுவுகிறானா? வேதம்தானே வாசிக்கிறான் என்று விட்டுவிடாதீர்கள். இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

தென்கொரியாவில் எத்தனையோ கிறிஸ்தவக் குடும்பங்கள் முதலில் ஸ்தோத்திரம்தான் சொன்னார்கள். பிறகு பிள்ளை படிப்பை விட்டான், வேலையை விட்டான், கடைசியில் வீட்டையும் விட்டான். அப்படிப் பறிகொடுத்த பெற்றோர் கையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு, ஷின்சோன்ஜி என்ற கூட்டத்தின் கட்டடங்களுக்கு முன்னால் நின்று பிள்ளையைத் திருப்பிக் கேட்டார்கள்.

லீ மான்-ஹீ என்பவர் 1984-ல் தொடங்கிய கூட்டம் இது. தலைமையிடம் சியோலுக்கு அருகே குவாச்சொன். கொரியாவின் பெரிய பிரஸ்பிட்டேரியன் சபைகள் இதைக் கள்ள உபதேசம் என்று அறிவித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. அங்கே பல ஆலயங்களின் வாசலில், ஷின்சோன்ஜியினர் உள்ளே வரக்கூடாது என்ற அறிவிப்பு ஒட்டியிருக்கும். காரணம், இவர்கள் விசுவாசிகளைப் போலவே சபைக்குள் வந்து சேர்கிறார்கள். பாடுகிறார்கள், ஊழியத்தில் உதவுகிறார்கள், நம்பிக்கையைச் சம்பாதிக்கிறார்கள். பிறகு ஆட்களை ஒவ்வொருவராக வெளியே இழுக்கிறார்கள். இந்த வேலைக்கு அனுப்பப்படுகிறவர்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அறுவடைக்காரர்கள்.

வலை விரிக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதை அறிந்தால் மட்டுமே தப்ப முடியும். வெளியே வந்தவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் ஒரு கருத்துக்கணிப்பு, அல்லது ஒரு மனநலத் தேர்வு, அல்லது காபி குடிக்க ஓர் அழைப்பு. சிநேகம் வளர்ந்ததும், "எனக்குத் தெரிந்த ஒருவர் வேதத்தை அருமையாகச் சொல்லிக்கொடுப்பார்" என்ற பேச்சு வருகிறது. வகுப்பில் உங்களோடு இன்னொரு புது மாணவரும் இருப்பார். உங்களைப் போலவே சந்தேகம் கேட்பார், ஆச்சரியப்படுவார், அழுவார். அவர் மாணவரே அல்ல! ஏற்கெனவே அந்தக் கூட்டத்தின் அங்கத்தினர். நீங்கள் அவரிடம் மனம்விட்டுச் சொல்லும் குடும்பச் சண்டை, காதல் தோல்வி, விசுவாசத்தில் வந்த சோர்வு, எல்லாம் போதகர் காதுக்குப் போய்விடும். அடுத்த வகுப்பில் போதகர் அதைத் தொட்டுப் பேசும்போது, பரிசுத்த ஆவியானவரே உங்கள் உள்ளத்தை வெளிப்படுத்திவிட்டதாக நீங்கள் நடுங்குவீர்கள்.

கூட்டத்தின் பெயரைப் பல மாதங்கள் கழித்தே சொல்கிறார்கள். அதற்குள் மனதைத் தயார் செய்துவிடுகிறார்கள். வீட்டார் எதிர்ப்பார்கள், அது சாத்தானின் வேலை. பாஸ்டரிடம் சொல்லாதே, அவருக்கு இந்த ஆழம் புரியாது. இணையத்தில் தேடாதே, அது விஷம். தேவனுடைய வேலைக்காக மறைப்பது பாவமல்ல என்றும் கற்பிக்கிறார்கள். பிரதான ஆசாரியன் முன் நின்றபோது நம் ஆண்டவர் என்ன சொன்னார் என்று யோவான் 18-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். தாம் வெளியரங்கமாகவே பேசியதையும், மறைவில் எதையும் பேசாததையும் அவரே சொல்கிறார். அவருடைய சத்தியத்தைச் சொல்லித்தர இத்தனை ஒளிவுமறைவு எதற்கு?

இந்த ஒளிவின் விலையை 2020 பிப்ரவரியில் தென்கொரியாவின் தேகு நகரம் கொடுத்தது. ஷின்சோன்ஜி ஆராதனைகளிலிருந்து கொரோனா பரவியது. 5,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் அந்தக் கூட்டத்தோடு தொடர்புள்ளவர்கள். தாங்கள் அங்கத்தினர் என்பதையே பலர் மறைத்ததால் சுகாதாரத்துறை திணறியது. நோய்த்தடுப்புப் பணியில் இருந்த ஓர் அதிகாரியே அங்கத்தினர் என்பது, அவருக்குத் தொற்று வந்த பிறகே தெரிந்தது. தொற்று விசாரணையைத் தடுத்த குற்றச்சாட்டிலிருந்து லீயை நீதிமன்றம் விடுவித்தது. பணக் கையாடலில் குற்றவாளி என்று தீர்த்து, தண்டனையை நிறுத்திவைத்தது.

உபதேசத்துக்கு வருகிறேன். வெளிப்படுத்தின விசேஷம் கொரியாவில் நிறைவேறிவிட்டது, அதைக் கண்ணால் கண்ட சாட்சி லீ ஒருவரே, ஆகவே அதன் பொருளைச் சொல்லத் தகுதியுள்ளவரும் அவரே என்பது மையம். இதை முதல் நாளில் சொன்னால் எவரும் எழுந்து போய்விடுவார்கள். அதனால் உவமைகளில் ஆரம்பிக்கிறார்கள். விதை என்றால் வசனம். சரிதான், இயேசுவே அப்படி விளக்கினார். அந்த ஒரு சரியிலிருந்து வயல், மரம், பறவை என்று ஒவ்வொரு சொல்லுக்கும் நிலையான ஓர் அர்த்தம் ஒட்டிக்கொண்டே போகிறார்கள். வேதம் அப்படிப் பூட்டி வைத்த புத்தகமல்ல. பேதுருவின் முதலாம் நிருபத்தில் சிங்கம் பிசாசு. வெளிப்படுத்தின விசேஷம் 5-ல் அதே சிங்கம் கிறிஸ்து. பொருளைத் தீர்மானிப்பது அந்தந்த இடம்தான். சூழலைப் பிடுங்கி எறிந்துவிட்டால் எந்த மனிதனையும் வேதத்துக்குள் நுழைத்துவிடலாம்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் 1,44,000 பேர் கணக்கும் அப்படித்தான். அந்த எண்ணிக்கை நிறைந்தால் எல்லாம் நிறைவேறும், அவர்கள் சாவைக் காணமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் இளைஞர்கள் இரவும் பகலும் ஆள் சேர்த்தார்கள். 2020-ல் அரசு பெற்ற பட்டியலில் கொரியாவில் மட்டும் சுமார் 2,12,000 பெயர்கள் இருந்தன. எண்ணிக்கை தாண்டிவிட்டது, ஒன்றும் நிறைவேறவில்லை, விளக்கம்தான் மாறியது. சொன்னது நடக்காத தீர்க்கதரிசியை என்ன செய்வது என்று உபாகமம் 18 தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

கொரியா எங்கேயோ இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கொரோனாவுக்குப் பிறகு இந்த வகுப்புகள் ஜூமிலும் யூடியூபிலும் பல மொழிகளில் நடக்கின்றன. எச்.டபிள்யூ.பி.எல். என்ற சமாதான அமைப்புக்கும் லீதான் தலைவர். அதன் பெயரில் அழைப்பு வந்தாலும் உஷார்!

பவுல் சொன்னதையே பெரோயா பட்டணத்தார் வேதவாக்கியங்களோடு ஒத்துப்பார்த்தார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்லவில்லை, புகழ்ந்து எழுதியிருக்கிறது. சாதாரண மனிதர் தம் கையாலேயே புரட்டிப் பார்க்கட்டும் என்றுதான் 1715-ல் தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்க் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். முதல் வகுப்பிலேயே கேளுங்கள்: இது எந்தச் சபை? தலைவர் யார்? என் அம்மாவை அழைத்து வரலாமா? பதில் தள்ளிப்போனால் அன்றே எழுந்துவிடுங்கள்.

போதகர்களே, வெளிப்படுத்தின விசேஷத்தைப் பிரசங்கிக்கத் தயங்காதீர்கள். நீங்கள் விட்டுவைக்கும் அதிகாரங்களில்தான் அவர்கள் கடை விரிக்கிறார்கள்.

பிள்ளை ஏற்கெனவே சிக்கியிருந்தால் தயவுசெய்து அடிக்காதீர்கள், போனைப் பிடுங்காதீர்கள், அறையில் பூட்டாதீர்கள். வீட்டார் துன்பப்படுத்துவார்கள் என்று முன்பே சொல்லி வைத்திருக்கிறார்கள். உங்கள் கோபம் அவர்கள் சொன்னதை மெய்யாக்கிவிடும். சாப்பாட்டுக்கு அழைப்பதை நிறுத்தாதீர்கள். வகுப்பில் படித்த வசனம் எது என்று கேட்டு, அந்த அதிகாரத்தின் முதல் வசனத்திலிருந்து அவனோடு சேர்ந்து வாசியுங்கள்.